வலப்பக்கம் யாரும் இல்லை

அத்தியாயம் 12

சமையலறை மேசையின் மேல் ஸ்ட்ராத்திஸ் கிரேக்க நாட்டையே கட்டி வைத்திருந்தார்.

உப்புக்குடுவை, அவர்கள் இருக்கும் பத்ராஸ் நகரம். தின்று துப்பிய ஒலிவக் கொட்டை ஒவ்வொன்றும் ஒரு துறைமுகம். பாதி அறுத்த நீள ரொட்டி எவியா தீவு. மேசையின் அந்தக் கோடியில், சுவரை ஒட்டிக் கவிழ்த்திருந்த காப்பிக் கோப்பை தாசோஸ் தீவு. அவர் மனைவி மெர்சினி பிறந்த ஊர் அதுதான்.

மூன்று வருடம் மண்ணுக்குள் இருந்த மெர்சினியை ஊர் வழக்கப்படி சென்ற வாரம் வெளியே எடுத்தார்கள். மகள் போப்பி அந்த எலும்புகளை ஒயினில் கழுவினாள். ஜெர்மனியிலிருந்து இதற்காகவே வந்த மகன் சரந்திஸ், கல்லறைச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். பெயர் எழுதிய மரப்பெட்டியைக் கல்லறைக் கோயிலின் எலும்பறையில் வைத்து, மாதுளை முத்தும் சர்க்கரையும் கலந்த கோதுமைப் படையலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

"என்னைக் கடைசியில எங்க ஊருக்கே கொண்டுபோயிடு ஸ்ட்ராத்தி, நாம எப்பவும் போற வழியில" என்று அவள் சாகும்போது கேட்டிருந்தாள். ஊருக்குக் கொண்டுபோவதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சண்டை முழுக்க அந்த 'எப்பவும் போற வழி'யில்தான்.

"இதோ, ரியோவுல முதல் ஃபெர்ரி." ஸ்ட்ராத்திஸ் முதல் கொட்டையைத் தொட்டார். "அக்கரையில இறங்கி நஃப்பாக்தோஸ், கலக்சிடி. கரையோரமாவே போறோம். அர்கிட்சாவுல ரெண்டாவது ஃபெர்ரி, ரொட்டிக்கு ஏறிடறோம். ரொட்டியோட இந்த முனையில மூணாவது. அப்புறம் வோலோஸ், தெசலோனிக்கி, கவாலா. கெரமோத்தியில நாலாவது. அவ்வளவுதான், ஊர் வந்துரும்."

"அவ்வளவுதானா!" சரந்திஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அப்பா, பாலத்துல ஏறுனா காலையில கிளம்பி சாயங்காலம் கெரமோத்தி. ஒரே ஒரு ஃபெர்ரி. எனக்கு லீவு முடியப்போகுது. ஊரைச் சுத்திட்டு நாலு நாள் போகணும்னு என்ன தலையெழுத்து?"

"அந்தக் கம்பியில நான் ஏற மாட்டேன்."

ரியோ நீரிணைக்கு மேல் கம்பிகளில் தொங்கும் பாலத்துக்கு ஸ்ட்ராத்திஸ் வைத்திருக்கும் பெயர் அது.

"இருபது வருஷமா ஊரே ஏறுது."

"ஏறட்டும். எனக்கென்ன? இந்த வழியில போனா கடல் முழுக்க வலது பக்கம். அவ சீட்டுப் பக்கம்."

"பெட்டிக்கு என்னப்பா கடல் தெரியும்?"

சொன்ன பிறகுதான் சரந்திஸுக்கே உறைத்தது. ஸ்ட்ராத்திஸ் ரொட்டியிலிருந்து உதிர்ந்த தூளை ஓரமாக ஒதுக்கினார்.

"நாக்குல நரம்பில்லடா உனக்கு," என்றாள் போப்பி.

"நீயும் அவர்கூடச் சேர்ந்து ஆடு. வண்டியோட வலது பக்கத்தைப் பாத்தியா அக்கா? கதவு பூரா நசுங்கல். சந்தைத் தூண்ல ஒண்ணு, எதிர்வீட்டு எலுமிச்சைத் தொட்டியில ஒண்ணு."

"இந்தச் சந்துல யார் ஓட்டினாலும் இடிக்கத்தான் செய்யும்."

அவள் அப்பாவுக்காகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. மெர்சினி போன பிறகு ஸ்ட்ராத்திஸ் சட்டை மாற்றக்கூட ஆள் சொல்ல வேண்டியிருந்தது. பயணப் பேச்சு வந்த நாளிலிருந்து தினமும் சவரம் செய்கிறார், தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறார், டயருக்குக் காற்றடிக்கிறார். இதைப் பிடுங்கிவிட்டால் இவரும் இருக்க மாட்டார் என்று போப்பி உள்ளூர நடுங்கினாள்.

சரந்திஸ் காலையில் ரொட்டி வாங்கப் போய் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பியிருந்தான். வந்ததிலிருந்து யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. அக்காவும் அதைக் கவனித்தாள், ஆனால் கேட்கவில்லை.

"சரி, ஒண்ணு பண்ணலாம்," என்றான். "இப்பவே ரியோவுக்குப் போவோம். அப்பா ஒரு தடவை வண்டிய ஃபெர்ரியில ஏத்திக் காட்டட்டும். சுத்தமா ஏத்திட்டார்னா, நாலு நாள் என்ன, நாப்பது நாள் போங்க. நான் வாயத் திறக்கல. இல்லேன்னா அம்மாவை நான் பாலத்துல கொண்டுபோறேன்."

"ஏத்திக் காட்டணுமா?" ஸ்ட்ராத்திஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யார்கிட்டடா பேசற நீ? எங்கே என் தொப்பி?"

இந்தக் கரையில் ஒருவனுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஃபெர்ரியில் ஏற்றத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். வண்டிகள் ஏறி இறங்க ஒற்றை வாய் மட்டுமே உள்ள ஃபெர்ரியில் ரிவர்ஸில் ஏறினால்தான் அக்கரையில் நேராக இறங்க முடியும். ஓட்டுபவரைத் தவிர மற்றவர்கள் இறங்கி நடந்துவிட வேண்டும். கப்பல்காரன் பின்னால் நின்று கத்துவான். அவன் கத்தலுக்குத் தக்கபடி ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் கப்பலிலிருந்து கரைக்கு இறக்கிய ஏற்றுப்பலகையில் பாதியில் மாட்டிக்கொண்டு அழாத குறையாக நிற்பதை இதே கரையில் வாழும் நான் எத்தனையோ முறை பார்த்து, அடக்க முடியாமல் சிரித்திருக்கிறேன். பாலம் வருவதற்கு முன்னால் ஸ்ட்ராத்திஸ், பஸ்ஸையே அப்படி ஏற்றியவர்.

குடும்பத்தோடு போகும்போதெல்லாம் மெர்சினி மட்டும் மேல்தளத்துக்குப் போக மாட்டாள். பலகை ஓரத்திலேயே நின்றுகொண்டு, கப்பல்காரன் குரலுக்கு மேல் குரல் கொடுப்பாள். "ஸ்ட்ராத்தி, வா! ஸ்ட்ராத்தி, ஒடி! போதும், போதும்!" பிள்ளைகளுக்கு மானம் போகும். தங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலத் தள்ளிப் போய் நிற்பார்கள்.

காரில் பிள்ளைகள் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். இங்கே ஸ்டியரிங் இடது பக்கம்; வலப்பக்க முன்சீட்டில் மெர்சினியின் குட்டி மெத்தை அப்படியே இருந்தது. அவள் போனதிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை.

கடற்கரைச் சாலையில் திரும்பும்போது வலப்பக்கம் வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஹாரனை அலறவிட்டு, கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனான்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல," என்றார் ஸ்ட்ராத்திஸ்.

சரந்திஸ் அக்காவைப் பார்த்தான். போப்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரியோவில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. வழக்கமாக அங்கே இரண்டு முனையிலும் வாய் உள்ள ஃபெர்ரிகள்தான் ஓடும். அதில் ஏறுவது பெரிய வித்தையில்லை. அன்றைக்கென்று பார்த்து ஒற்றை வாய்க் கிழட்டு ஃபெர்ரி ஒன்று பலகையை இறக்கி நின்றது.

"இது வேண்டாம்பா. அடுத்ததுல போலாம்," என்றாள் போப்பி.

"ஏன், இதுக்கென்ன? இதுலதான் ஏத்தணும்." ஸ்ட்ராத்திஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இறங்குங்க ரெண்டு பேரும்."

ஆரஞ்சுச் சட்டை போட்ட கப்பல்காரன் ஒருவன் பலகை நடுவில் நின்று கையை வீசினான். "ஓட்டறவங்க மட்டும் வண்டியில! மத்தவங்க நடங்க, நடங்க! பெரியவரே, திருப்பிக்கிட்டு ரிவர்ஸ்ல வாங்க!"

ஸ்ட்ராத்திஸ் காரைத் திருப்பி, வாலை ஃபெர்ரிக்குக் காட்டி நிறுத்தினார். திருப்பிய அழகைப் பார்த்துப் போப்பிக்கு உயிர் வந்தது. தம்பியை முழங்கையால் இடித்தாள். "பாத்தியா?"

"வரட்டும், வரட்டும்!" கப்பல்காரன் கத்தினான். "நேராப் புடி! வா, வா, வா! லேசா ஒடி!"

பின்சக்கரம் பலகையில் ஏறியது. கார் கோடு போட்ட மாதிரி வந்தது. கண்ணாடியைப் பார்க்காமல், காதை மட்டும் கொடுத்து ஓட்டினார் ஸ்ட்ராத்திஸ்.

அப்போதுதான் லாட்டரிச் சீட்டு விற்கும் ஒருவர் குறுக்கே வந்தார். சீட்டுகள் சொருகிய நீளக் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காற்றுக்கு முகத்தைத் திருப்பியபடி, காரின் வலப்பக்கம் இருந்த பலகை ஓரமாக ஏறிக்கொண்டிருந்தார். காரின் வால் வலப்பக்கமாக அவரை நோக்கி ஒடிந்தது. கப்பல்காரன் அடுத்த வண்டியைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா!" போப்பி கத்தினாள். "அப்பா, நிறுத்து!"

கார் நிற்கவில்லை. இன்ஜின் சத்தத்திலும் காற்றிலும் அந்தக் குரல் அவருக்கு எட்டவில்லை, அல்லது எட்டியும் உறைக்கவில்லை. போப்பியின் அடிவயிற்றிலிருந்து வேறொரு கூப்பாடு வந்தது.

"ஸ்ட்ராத்தி! வலது!"

பிரேக் கிறீச்சிட்டது. கார் குலுங்கி நின்றது.

கோல் கீழே விழுந்து சீட்டுகள் பலகை முழுவதும் பறந்தன. லாட்டரிக்காரர் கைப்பிடிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் காருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயத்தில் அவர் வாய் கோணிக்கொண்டது.

"கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்று கத்தினார். "இவ்வளவு பெரிய ஆள் நிக்கிறேன், கண்ணு தெரியல?"

ஸ்ட்ராத்திஸ் கதவைத் திறந்துகொண்டு மெல்ல இறங்கினார். காரைச் சுற்றி வலப்பக்கம் வந்தார். அந்த மனிதரைப் பார்த்தார், அந்த இடைவெளியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தெரியலய்யா," என்றார். "வலது கண்ணு தெரியல. மன்னிச்சுக்கோ."

லாட்டரிக்காரர் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

சரந்திஸ்தான் முதலில் அசைந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "போதும்பா. சாவியக் குடுங்க. நாளைக்கு நான் பாலத்துல கொண்டுபோறேன். முடிஞ்சது."

நீட்டிய அவன் கையைத் தாண்டிச் சாவி போப்பியிடம் வந்தது.

"நீ ஏத்து."

"நானா? எனக்கு எங்கேப்பா இதெல்லாம் தெரியும்! நூலகத்துக்கும் வீட்டுக்கும் ஓட்டறவ நான்!"

"உனக்குத் தெரியணும்னு இல்ல. சொல்றதைக் கேட்டா போதும். நானும் அப்படித்தான் ஏத்தினேன்."

பின்னால் வரிசையில் ஹாரன்கள் அலறின. "யாராவது ஏத்துங்கய்யா! கப்பல் உங்களுக்காக நிக்குமா?" என்று கப்பல்காரன் தலையில் கைவைத்தான்.

போப்பி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால், பலகை ஓரத்தில், எப்போதும் அம்மா நிற்கும் அதே இடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வலது பக்கம் திரும்பினால், பொறுக்கிய சீட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாட்டரிக்காரர்.

"வலது பக்கத்தை நான் பாத்துக்கறேன் பெரியவரே," என்றார் அவர் கடுகடுப்பாக. "நீ கத்து."

"போப்பி, வா!" ஸ்ட்ராத்திஸின் குரல் காற்றைக் கிழித்தது. "வா, வா... ஒடி! இன்னும் ஒடி! பயப்படாத, நான் இருக்கேன். நேரா! போதும், போதும்!"

கார் உள்ளே போய் நின்றது. அவ்வளவு ஒழுங்காக நிற்கவில்லை, கொஞ்சம் கோணல்தான். போப்பி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

பலகை மேலே எழும்பியது. ஃபெர்ரி நகர்ந்தது. மூவரும் மேல்தளத்துக்குப் போகாமல் காரை ஒட்டியே நின்றார்கள்.

"எப்போலேர்ந்துப்பா?" சரந்திஸ் கேட்டான்.

"அம்மா இருக்கும்போதே போயிருச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதானே கண்டுபிடிச்சா! தட்டுக்கு வலது பக்கம் வச்ச ரொட்டிய நான் எடுக்கவே மாட்டேனாம். ஒருநாள் கையப் புடிச்சுக் கேட்டா. டாக்டர்கிட்ட போலாம்னா. போனா லைசென்ஸ் போயிரும், வண்டியில்லாம நான் என்னடி பண்ணுவேன்னு அவ கால்ல விழாத குறை. சரி, நீ ஓட்டு, வலது பக்கத்தை நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டா." ஸ்ட்ராத்திஸ் கண்ணைத் துடைக்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது. "இன்னைக்கு ஒரு மனுஷனைக் கொன்னிருப்பேன். மூணு வருஷமா யாரையும் கொல்லாம இருந்ததே பெரிசு. இனிமே ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்."

போப்பிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கடைசி வருடங்களில் அம்மா காரில் ஓயாமல் பேசியது. "வலது காலி ஸ்ட்ராத்தி. வலதுல ஒருத்தன் வரான் ஸ்ட்ராத்தி." "அம்மா, பேசாம நீயே ஓட்டேன்!" என்று அவள் கேலி செய்தது. சந்தைக்குப் போனாலும் கூடவே கிளம்பியது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் தாசோஸ் வரைக்கும் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே வந்தது. கடலுக்கு வாக்கப்பட்டவ என்று வீடே சிரித்தது.

"அப்போ அம்மா..." போப்பி காருக்குள் இருந்த குட்டி மெத்தையைப் பார்த்தாள். "வழி பூரா அம்மா கடலைப் பாக்கலையா?"

"ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டைத்தான் பாத்துட்டு வருவா. கடலைப் பாருடின்னா, அப்புறம் பாத்துக்கறேன்னு சொல்லுவா."

பாலத்தின் நிழல் ஃபெர்ரியின் மேல் விழுந்து கடந்து போயிற்று. சரந்திஸ் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

ஸ்ட்ராத்திஸ் இடது கண்ணால் அவனைப் பார்க்க முகத்தை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. இத்தனை நாளும் அப்படித்தான் திருப்பியிருக்கிறார். பிள்ளைகள் இப்போதுதான் பார்த்தார்கள்.

"காலையில ரொட்டி வாங்கப் போகல. அம்மாவை எடுத்துட்டு வந்துட்டேன். கல்லறை ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு. பெட்டி வீட்டு வாசல்ல நிக்கிற என் வாடகைக் கார்ல இருக்கு. நாளைக்கு விடியறதுக்குள்ள, நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கிளம்பிரலாம்னு... தாசோஸ்ல வாசோ சித்திகிட்ட நாளைக்கே வர்றேன்னு சொல்லிட்டேன். நீங்க இந்த டெஸ்ட்டுல ஜெயிச்சிருந்தாக்கூட, நான் போயிருப்பேன்பா. வழியில உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும்னு பயம்."

"டேய்!" போப்பி அவன் சட்டையைப் பிடித்தாள். "திருட்டுத்தனமாவா? பெத்தவளையா?"

"விடும்மா அவனை." ஸ்ட்ராத்திஸ் கையை உயர்த்தினார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "எந்த சீட்ல வச்சிருக்க?"

"என்னப்பா?"

"அம்மாவை. எந்த சீட்ல வச்சிருக்க?"

சரந்திஸ் தலையைக் குனிந்துகொண்டு, "டிக்கியில" என்றான்.

"டிக்கியிலயா?"

அந்த ஒரு வார்த்தையில் சரந்திஸ் உடைந்துபோனான். ஜெர்மனியில் நூறு பேரை வேலை வாங்குகிறவன், கப்பல்காரன் பார்க்கப் பார்க்க விம்மி அழுதான். ஸ்ட்ராத்திஸ் அவன் பிடரியைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் வாசோ சித்தி. மெர்சினியின் தங்கை.

ஸ்ட்ராத்திஸ் போனை வாங்கிக்கொண்டார். காற்றுச் சத்தத்துக்காக ஸ்பீக்கரில் போட்டார்.

"வாசோ, நான்தான் பேசறேன். நாங்க நாளைக்கு வரலம்மா."

"என்னது? வரலையா?" வாசோவின் குரல் ஃபெர்ரி முழுக்கக் கேட்டது. "விளையாடறீங்களா அத்தான்? சாமியாருக்குச் சொல்லியாச்சு, ஊரைக் கூப்பிட்டாச்சு, படையலுக்குக் கோதுமை ஊறுது! உங்க மகன்தானே நாளைக்குன்னான்?"

"கரையோரமா வர்றோம். போப்பி ஓட்டறா. மெதுவாத்தான் வருவா. நாலு நாள் ஆகும், அஞ்சு நாளும் ஆகும்."

"அதெல்லாம் முடியாது. நாளைக்குன்னா நாளைக்குத்தான். குடும்பக் கல்லறைச் சாவி எங்கிட்ட இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க. என்னை ஊர்ல தலைகுனிய வச்சிட்டு வந்தீங்கன்னா நான் திறக்க மாட்டேன், ஆமா! அப்படி என்ன அவசரமில்லாத பயணம்? அங்க வழியில என்ன இருக்கு?"

ஸ்ட்ராத்திஸ் குனிந்து காருக்குள் கைவிட்டு, முன்சீட்டில் இருந்த குட்டி மெத்தையைத் தட்டிச் சரியாகப் போட்டார். பிறகு போனை வாயருகே கொண்டுபோனார்.

"உங்க அக்கா இத்தனை வருஷமும் எனக்காக ரோட்டைத்தான் பாத்தா, வாசோ. இந்தத் தடவையாவது முன்சீட்ல உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டு வரட்டும்."